வலது ஓரத்துத் துரு

என் அன்புப் பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பும் மனசும் சௌக்கியமா, நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாயா என்பதை முதலில் கேட்டு வைத்துவிடுகிறேன், அப்புறம் என் கதையில் மறந்துபோகும். இங்கே எல்லோரும் நலம், உன் அப்பாவின் முழங்காலைத் தவிர. அது இப்போது இந்த வீட்டில் தனி ஆள் மாதிரி. அதற்கென்று தனி மருந்து, தனித் தலையணை, காலையில் எழுந்ததும் அதன் நலம் விசாரித்த பிறகுதான் எனக்குக் காபி. போன வாரம் ஃபோனில், தங்கை வீட்டுக்காரருக்கு ஆபீஸில் ஏதோ சிக்கலாமே என்று கேட்டாய், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு ஸ்பீக்கரில் போடு, ஸ்பீக்கரில் போடு என்று கையாட்டிக்கொண்டிருக்கும்போது எதைத்தான் சொல்ல முடியும்? அவருக்குத் தெரிந்தால் தெருமுனை வரைக்கும் தெரிந்த மாதிரி. அதனால்தான் காகிதமும் பேனாவும். படித்துவிட்டுக் கிழித்துப் போடு. உன் தங்கையிடம் மூச்சு விடாதே, அவளுக்கு இதில் பாதி தெரியாது.

என் தொழில் எப்போதும்போலத்தான் போகிறது. அரூப ஓவியம், கலப்பு ஊடகம் என்று விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்டிருக்கிறேன், அதாவது சாயத்தோடு சேர்த்துக் கையில் அகப்பட்டதையெல்லாம் ஒட்டுகிறவள். தெரு அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டிருக்கிறது. எதிர்வீட்டு டெய்லர் அம்மா அறுந்த ஜிப்பையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து, தூக்கிப் போட மனசு வரல, உங்ககிட்ட குடுத்தா ஏதோ ஒண்ணு பண்ணுவீங்கன்னு வந்தேன் என்கிறாள். மேல்மாடி பல் டாக்டர் போன மாதம் ஒரு டப்பா நிறையப் பல் அச்சு கொடுத்துவிட்டுப் போனார், மூன்று நாள் அந்தப் பக்கம் போகவே எனக்குப் பயமாக இருந்தது. குடைக்கம்பி, கிழிந்த மிதியடி, ஓடாத கடிகாரம், எல்லாம் நம் கார் ஷெட்டுக்குத்தான் வருகிறது. கார் வாங்க முடியாமல் போனது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பார். இதில் பழைய சாமான் வாங்குகிறவருக்கு என்மேல் கோபம். போன வாரம் வாசலில் வண்டியை நிறுத்தி, நீங்களும் இதே தொழில்தான் பண்றதா இருந்தா ஆளுக்கு ஒரு தெருன்னு பிரிச்சுக்கலாம்மா என்று நியாயமாகவே கேட்டார். உன் அப்பா மட்டும் என்ன, டீ வடிகட்டியைக் காணோம் என்றால் சமையலறையில் தேடுவதே இல்லை, நேராக ஷெட்டுக்கு வந்து படங்களைத்தான் தடவிப் பார்க்கிறார். ஒருமுறை கிடைத்தும்விட்டது, அதிலிருந்து பேச்சு ஜாஸ்தி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் மாப்பிள்ளை வேலை பார்க்கும் பீரோ கம்பெனியில் முன்கூடத்தைப் புதிதாகக் கட்டினார்கள். எங்கள் பீரோ துருப்பிடிக்காது என்று ஊரெல்லாம் பலகை வைத்திருக்கிறார்களே, அதே கம்பெனிதான். அங்கே ஒரு பெரிய சுவர் வெறுமனே இருக்க, எங்க அத்தை படம் போடுவாங்க சார் என்று மாப்பிள்ளை வாயைத் திறந்துவிட்டார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷர், வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் ஒரு பேச்சைத் தானாகப் பேசியிருப்பார். முதலாளி சரி என்று தலையாட்ட, உள் அலங்காரம் செய்கிறவர் சோபாத் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு கேலரிக்கு வந்தார். என் படங்களை விற்றுக்கொடுக்கும் கேலரியம்மாவை உனக்குத் தெரியுமே, வாங்குகிறவர்கள் வந்தால் என்னைப் பின்அறைக்கு அனுப்பிவிடுவாள். நீங்க பேசாதீங்கம்மா, நீங்க பேசினா எல்லாம் புரிஞ்சுடும், புரிஞ்சா வாங்க மாட்டாங்க என்பாள். அந்த அலங்காரக்காரர் ஒவ்வொரு படத்தின் மேலும் துணித் துண்டை வைத்து வைத்துப் பார்த்து, சோபாவுக்குப் பொருந்திய படத்தை எடுத்துக்கொண்டார். நான் அதற்குப் பெரிய பழுப்பு என்று பெயர் வைத்திருந்தேன். கேலரியம்மா அதை அடித்துவிட்டு, நிசப்தத்தின் விளிம்பில் ஒரு ஈரம் என்று எழுதினாள்.

அந்தப் படத்தை நான் செய்த விதத்தை உனக்குச் சொன்னால்தான் மேற்கொண்டு விளங்கும். பெரிய பலகையில் துணியை ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்புப் பசையை அப்பி, அது இறுகுவதற்குள் லேத் பட்டறையிலிருந்து வாங்கிவந்த இரும்புத்தூளைத் தூவ வேண்டும். காய்ந்த பிறகு வினிகரில் உப்பைக் கரைத்துத் தெளித்தால் தூளெல்லாம் துருப்பிடிக்க ஆரம்பிக்கும். அதைத் தினமும் பார்த்துக்கொண்டே இருந்து, போதும் என்று மனசு சொல்லும் இடத்தில் கழுவிக் காயவைத்து வார்னிஷ் பூசினால் அங்கேயே நின்றுவிடும். பூசாவிட்டால் அது பாட்டுக்கு வளரும். சோபாவுக்குப் பொருந்துகிற நிறம் என்று அவர்கள் எடுத்துப்போனது அச்சு அசல் துரு. அந்தக் கம்பெனியிடம் அதைச் சொல்ல வேண்டியது யார் வேலை என்று யாருக்கும் தெரியாததால் யாரும் சொல்லவில்லை. கேலரியம்மா அட்டையில் கலப்பு ஊடகம் என்று போட்டிருந்தாள், அதோடு முடிந்தது. இதில் நான் செய்த கூத்து ஒன்று உண்டு. இடது பக்கத்திலிருந்து வார்னிஷ் பூசிக்கொண்டே வருகிறேன், வலது ஓரத்தில் ஒரு பட்டை பாக்கி, அதற்குள் லாரி வந்துவிட்டது. உன் அப்பா வாசலில் நின்று, டிரைவர் கிளம்பணுங்கிறார், உன் பூச்சு வேலையெல்லாம் அப்புறம் பார்த்துக்கோ என்று கத்துகிறார். எனக்கும் அந்த அவசரத்தில் மறந்தே போயிற்று. படம் போய்ச் சேர்ந்த பிறகு ஞாபகம் வந்தது. ஏசி அறைதானே, ஈரம் இருக்காது, ஒன்றும் ஆகாது என்று விட்டுவிட்டேன்.

ஆயிற்று. முன்கூடத்துச் சுவரில் அப்போதுதான் பூச்சு முடிந்திருந்தது போலிருக்கிறது, அந்த ஈரத்துக்குத் துரு மெல்ல வலது பக்கம் நகர ஆரம்பித்தது. அதே சமயம் கம்பெனிக்கு எங்கிருந்தோ ஒரு பெரிய ஆர்டர் வந்தது. குருவி உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் முதலாளி குருவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். படம் வளருது, கம்பெனியும் வளருது என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினாராம். அது வலது ஓரத்தைத் தொடுகிற அன்றைக்குப் புதுக் கிளை திறப்போம் என்று கூட்டம் போட்டே அறிவித்துவிட்டாராம். மாப்பிள்ளை இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்போது ஒவ்வொன்றாகச் சொன்னார், எனக்கோ தலைகால் புரியவில்லை. பூச மறந்துபோனதுதான் காரணம் என்று சொல்ல நினைத்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் என் படத்தை ஒருத்தர் இரண்டாம் முறை நின்று பார்ப்பதே இதுதான் முதல் தடவை.

அப்புறம் தாடிக்காரர் வந்தார். பத்திரிகையில் ஓவிய விமர்சனம் எழுதுகிறவர், என் கண்காட்சிக்கெல்லாம் வந்து டீ குடித்துவிட்டு ஒரு வரிகூட எழுதாமல் போகிறவர். வளரும் ஓவியம் என்று கேள்விப்பட்டு அந்த முன்கூடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு முழுப் பக்கம் எழுதினார். இடது பகுதியில் நாற்பது ஆண்டுத் தயக்கம் கெட்டியாகப் படிந்திருக்கிறதாம். வலது ஓரத்தில் ஓவியர் அந்தத் தயக்கத்தை உதறிவிட்டு முதன்முறையாக விடுதலை பெறுகிறாராம், அந்த ஒரு சாண் இடத்தில் கை எதற்கும் அஞ்சவில்லையாம். நாற்பது வருஷ உழைப்பைத் தயக்கம் என்கிறானே பாவி என்று முதலில் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டாம் முறை படிக்கும்போது விடுதலை என்ற சொல் இனித்தது. மூன்றாம் முறை படித்துவிட்டுக் கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டேன். அந்த வலது ஓரம் எப்படி ஆகியிருக்கிறது என்று நான் இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்பதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. டெய்லர் அம்மாவிடம், வயசானா கை தானா திறந்துக்கும் என்றெல்லாம் அளந்தேன்.

போன மாதக் கடைசியில் கம்பெனியிலிருந்து அழைப்பு. நிறம் ஓரத்தைத் தொட்டாயிற்று, இனிமேல் வெள்ளைச் சுவரில் இறங்கிவிடுமோ என்று அலங்காரக்காரருக்குக் கவலை, ஓவியரே வந்து நிறுத்திவிட்டுப் போகட்டும் என்று சொன்னார்கள். வார்னிஷ் டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு தனியாகத்தான் போனேன். பெரிய முன்கூடம், முகம் தெரிகிற தரை, நடுவில் அந்தச் சோபா, யாரும் அதில் உட்கார்ந்த மாதிரியே தெரியவில்லை. ஏணி வைத்திருந்தார்கள், மாப்பிள்ளைதான் பிடித்துக்கொண்டு நின்றார். ஏறி வலது ஓரத்துக்கு நேராக முகத்தை வைத்துப் பார்த்தேன். துரு தானாகப் பரவினால் விளிம்பு பூத்தமாதிரி இருக்கும், அவசரமே படாது. இது அப்படியில்லை. பஞ்சில் நனைத்து நனைத்து ஒற்றியிருக்கிறது. ஒவ்வொரு ஒற்றலும் தொட்டு, கொஞ்சம் இழுத்து, சட்டென்று விட்டு, மறுபடி வேறு எங்கோ போய்த் தொட்டு. சாய்வெல்லாம் என் கைக்கு நேர் எதிர்ப்புறம். நம் குடும்பத்தில் இடது கையால் சாப்பிடாமல் மற்றதெல்லாம் இடது கையால் செய்கிறவர் ஒருத்தர்தான் இருக்கிறார், அவர் எனக்குக் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தேன், திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், அது அழகாக இருந்தது. என் பக்கத்தை விட. தாடிக்காரருக்குக் கண் இருக்கத்தான் செய்கிறது. மேலே நின்றபடியே எனக்கு மாப்பிள்ளைமேல் வந்தது கோபமா பொறாமையா என்று பிரிப்பதற்குள் முதலாளி ஆட்களோடு மாடிப் படிக்கட்டில் இறங்கி வந்துவிட்டார். கூடவே விற்பனை மேலாளர். பேச ஆரம்பிக்கும் முன் இருமுகிறவர், அதனால் ஆபீஸில் அவருக்கு இருமல் என்றே பெயர். இருமிவிட்டு, சார் ஒரு விஷயம், மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்துல இவர் கையில பாட்டிலும் பஞ்சுமா இந்தப் படத்துக்கிட்ட நின்னதை என் கண்ணால பார்த்தேன், படம் ஒண்ணும் தானா வளரல, இவர்தான் வளர்த்துவிட்டிருக்கார், உங்களை ஏமாத்தியிருக்கார் என்றார். முதலாளி முகம் சுண்டிப்போய்விட்டது. கிளை திறக்க இடம் பார்த்தாயிற்று, ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்து, அப்படியா என்று ஒரே ஒரு சொல் கேட்டார். ஏணி என் காலடியில் கடகடவென்று ஆடியது. இவர் வேலை போனால் உன் தங்கை வீடு என்ன ஆகும், இரண்டு பேரும் எந்த முகத்தோடு வந்து நிற்பார்கள் என்பதெல்லாம் எனக்கு அந்த ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கேலரியம்மாவாக மாறிவிட்டேன். ஏணி மேல் நின்று பொய் சொல்வது தரையில் நின்று சொல்வதை விடச் சுலபம், எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. இது செயல்வழிப் படைப்புங்க, படைப்பாளி விலகி நிற்க, படைப்பு தான் இருக்கும் இடத்தோடு உரையாடணும், அந்த உரையாடலுக்கு இங்கே ஒருத்தர் வேணும்னு நான்தான் இவரை நியமிச்சேன், வெளியில சொல்லக்கூடாதுங்கிறதும் படைப்பில் ஒரு பகுதி என்றேன். எனக்கே ஒன்றும் விளங்கவில்லை. அத்தனை பேரும் தலையாட்டினார்கள். முதலாளி மெதுவாக, அப்போ இவர் இதுக்கு தினமும் ஊட்டினாரா என்றார். ஊட்டினார் என்றேன். நம்ம ஆள், நம்ம பர்ச்சேஸ்ல இருக்கற ஆள் என்று மாப்பிள்ளை முதுகில் ஒரு தட்டு தட்டினார். இருமல் விடுகிற ஜாதியா? பாட்டில்ல இருந்தது என்ன, இது என்ன சாயம்னு சொல்லுங்க பார்ப்போம் என்று கேட்டார். துரு என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தக் கட்டடத்தில் அன்றைக்குப் பிரளயம். சாயம் இல்லீங்க, காலம் என்றேன். முதலாளி பேனாவை எடுத்து அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். நான் டப்பாவைத் திறந்து அந்த ஓரத்துக்கு வார்னிஷ் பூசினேன். என் படத்துக்குக்கூட அவ்வளவு பதமாகப் பூசியதில்லை, ஒரு ஒற்றல்கூடக் கலையவில்லை.

இதோடு விட்டதா? புதுக் கிளைக்கும் இதே மாதிரி ஒரு படம் வேண்டும், முக்கியமாக அந்த வலது ஓரம் அப்படியே வேண்டும் என்று கேலரியம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். நானும் ஷெட்டில் உட்கார்ந்து என்னென்னவோ செய்து பார்த்தேன், இடது கையால்கூட ஒற்றினேன். அந்த ஓரம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் தங்கையும் அப்பாவும் சாப்பாட்டுக்குப் பின் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளையை ஷெட்டுக்குக் கூப்பிட்டேன். பஞ்சையும் வினிகரையும் கையில் கொடுத்து, நடந்தது நடந்துபோச்சு மாப்பிள்ளை, அதே மாதிரி ஒருதரம் செஞ்சு காட்டுங்க என்றேன். வெட்கப்பட்டுக்கொண்டே ஒற்றினார். ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற மாதிரி நேராக, சுத்தமாக, ஒன்றுபோல் ஒன்று. உயிரே இல்லை. ஏன் அன்னிக்கு வந்தது இப்ப வரமாட்டேங்குது என்று கேட்டேன். அவர் பஞ்சைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். துரு நின்னுபோச்சு அத்தை, முதலாளி கூட்டத்துல, படம் நின்னுட்டா படத்தையும் கொண்டுவந்தவரையும் சேர்த்து வண்டியில ஏத்திடலாம்னு சொன்னாரு, எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல, நீங்க வினிகர் தெளிக்கிறதைப் பார்த்திருக்கேன், அதான் மத்தியானத்துல செஞ்சேன், ஒரு கண்ணு படத்துல ஒரு கண்ணு படிக்கட்டுல, யார் வந்துடுவாங்களோன்னு கை நடுங்கிக்கிட்டே இருக்கும், ஒரு இடத்துல வைச்சா இன்னொரு இடத்துல போய் விழும். இப்ப நீங்க பக்கத்துல இருக்கீங்க, பயம் இல்ல, அதான் வரல.

எதற்கும் அஞ்சாத கை என்று தாடிக்காரர் எழுதினாரே, அது இந்தக் கைதான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணைக் கரித்தது, வினிகர் வாடை என்று சொல்லிச் சமாளித்தேன். உள்ளே போய் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்ததைக் கிழித்துப் போட்டேன். உன் அப்பா எதற்கு என்று கேட்டார், ஃப்ரிட்ஜ் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றேன். மறுநாள் கேலரியம்மாவிடம் அந்த இரண்டாவது படம் என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். பைத்தியமா உங்களுக்கு என்று கேட்டாள். அந்த ஓரம் மறுபடி வேண்டுமென்றால் அந்த மனுஷரை மறுபடி அந்தப் படிக்கட்டுக்குக் கீழே நிறுத்திப் பயமுறுத்த வேண்டும், அதை நான் செய்ய மாட்டேன். இவ்வளவையும் அவளிடம் சொல்லவில்லை, கை வலிக்கிறது என்று மட்டும் சொன்னேன். மாப்பிள்ளைக்குக் கம்பெனியில் இப்போது மரியாதைதான். படத்துக்குப் பொறுப்பாளர் என்று சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லைகூடக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் உள்ளே நுழையும்போதெல்லாம் தன் பயத்தைச் சுவரில் பார்த்துக்கொண்டேதான் அவர் மாடி ஏற வேண்டியிருக்கிறது. வேற இடத்துல வேலை தேடுறேன் அத்தை, உங்க பொண்ணுகிட்ட இப்ப சொல்லாதீங்க என்றார். கிடைக்கும் வரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஷெட்டில் எனக்கு ஒத்தாசையாக வந்து நிற்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் உனக்கு எதற்கு இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன் என்றால், கண்ணா, மாப்பிள்ளையும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் எதிரில் உட்கார்ந்து, ஆபீஸ்ல எல்லாம் நல்லாப் போகுது அத்தை என்றுதான் சொன்னார். நான் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டேன். நீயும் ஃபோனில் அதையேதான் சொல்கிறாய், எல்லாம் நல்லாப் போகுதும்மா, அதே சொல், அதே குரல். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷரின் கை நடுங்கியதே எனக்குத் தெரியவில்லையே, கடல் தாண்டி இருக்கும் உன் கையை நான் எங்கே போய்ப் பார்ப்பேன்? நீ அங்கே எந்தப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு வேலை செய்கிறாய் என்று எனக்குத் தெரியாது. நன்றாகத்தான் இருக்கிறாய் என்றால் எனக்குச் சந்தோஷம். இல்லையென்றால் ஒரு வேலைக்காக உடம்பும் மனசும் நொந்து கிடக்காதே. கிளம்பி வா, இங்கே யாரும் ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம். உன் அப்பா கேட்பார், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கண்ணாடியின் பவரைச் சரிபார்க்கச் சொன்னேனே, பார்த்தாயா? குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீயும் உன் வீடும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், நீண்ட ஆயுளோடு, நிறைந்த மனசோடு இருக்க வேண்டும் என்று அம்மாவின் ஆசீர்வாதம். அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார், முழங்காலைப் பற்றி இரண்டு வரி சேர்த்து எழுதச் சொன்னார், மேலேயே எழுதிவிட்டேன்.

ஒன்று மட்டும் மறக்காதே. இதற்குப் பதிலை ஃபோனில் சொல்லாதே, கம்ப்யூட்டரில் தட்டியும் அனுப்பாதே. நாலே வரியானாலும் பேனாவால் எழுதி அனுப்பு. என்ன வேண்டுமானாலும் எழுது, நல்லாப் போகுது என்றே எழுது. உன் கையைப் பார்த்து நான் தெரிந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா